மின்னும் ரத்தினக் கல் வரைவது எப்படி: முதல் கோடு முதல் கடைசி மினுக்கு வரை

கணினியில் ரத்தினம் வரைய உட்காரும் பலரும் முதலில் நல்ல சிவப்பு ஒன்றைத் தேடி எடுக்கிறார்கள். அதை ஒரு வடிவத்தில் நிரப்பி, மேலே வெள்ளை மினுக்கு வைத்து, சுற்றி ஒரு ஒளிவட்டமும் போடுகிறார்கள். கல் மின்னுவதில்லை. மினுக்கை இன்னும் கூட்டுகிறார்கள், படம் இன்னும் மோசமாகிறது.

கல்லின் பளபளப்பு பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின், அதாவது கல்லில் தீட்டிய தட்டை முகங்களின், வெளிச்ச வேறுபாட்டில்தான் இருக்கிறது. நல்ல இருட்டான பட்டையை ஒட்டி நல்ல வெளிச்சமான பட்டை வந்தால், ஒரு மினுக்குகூட வைக்காமலே கண்ணுக்கு அது ஜொலிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில்தான் வேலை செய்வோம். நிறம் ஐந்தாவது படியில்தான் வரும். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிப் பெயர்களை ஃபோட்டோஷாப்பில் உள்ளபடியே சொல்கிறேன். கிம்ப், கிரிட்டா என்ற இலவச மென்பொருள்கள் இரண்டிலும் இதே வேலையைச் செய்யலாம். கிம்ப் பயன்படுத்துபவர்கள் இரண்டாம் படியின் கோட்டுப் படத்தை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற கோட்டோவிய மென்பொருளில் வரைந்து கொண்டுவந்தால் சுலபம். நட்சத்திரம் வரைய அதில் தனிக் கருவி இருக்கிறது.

லேயர், செலக்‌ஷன், லேயர் மாஸ்க், பிளெண்ட் மோட் ஆகிய நான்கும் பழகியிருந்தால் போதும். பென் டூல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேன்வாஸ் 2000 × 2000 பிக்சல், ஆர்ஜிபி முறை. கடைசியில் 200 பிக்சல் ஐகான்தான் வேண்டும் என்றாலும் பெரிதாகவே வரையுங்கள். பெரிதாக வரைந்து சுருக்கும்போது பட்டை ஓரங்களின் சிறு பிசிறுகள் தானாக மறையும். சிறிதாக வரைந்து பெருக்கினால் அதே பிசிறுகள் எல்லாம் வெளியே தெரியும்.

பின்னணியில் நடுத்தரத்தை விடக் கொஞ்சம் இருண்ட சாம்பல் நிரப்புங்கள். வெள்ளைப் பின்னணியில் கல்லின் வெள்ளைப் பட்டைகள் எடுபடாது. கறுப்பில் இருண்ட பட்டைகளின் ஓரம் கரைந்துபோகும். இரண்டிலும் வெளிச்ச அளவைத் தப்பாகக் கணக்குப் போடுவீர்கள். பின்னணியைக் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கேன்வாஸின் நடுவில் ஒரு நெட்டு, ஒரு குறுக்கு என்று இரண்டு கைடு போட்டு, ஸ்னாப்பை ஆன் செய்துவிடுங்கள்.

2. கோட்டுப் படம்: ஒரு வட்டம், இரண்டு நட்சத்திரம், ஓர் எண்கோணம்

வட்டமாகப் பட்டை தீட்டிய வைரத்தை மேலிருந்து பார்த்தால் மேல்பாதியில் 33 பட்டைகள் இருக்கும். நடுவில் பெரிய எண்கோணப் பட்டை ஒன்று, அதை ஒட்டி முக்கோணப் பட்டை எட்டு, அடுத்து நாற்கோணப் பட்டை எட்டு, விளிம்பில் ஓரப் பட்டை பதினாறு. 33 வடிவங்களையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. நான்கே வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பாலான கோடுகள் தாமாகவே அமைந்துவிடும்.

எல்லாவற்றின் மையமும் கைடுகள் வெட்டும் புள்ளிதான். நிரப்பு நிறம் வேண்டாம், 3 பிக்சல் கோடு மட்டும். கோட்டுக்கு அடர் மெஜந்தா நிறம் கொடுங்கள். கறுப்புக் கோடு போட்டால் பிறகு இருண்ட சாம்பல் பட்டைகளோடு குழம்பும். பட்டையைத் தேர்வு செய்யும்போது மென்பொருளுக்கும் அதே குழப்பம்தான்.

முதலில் 1600 பிக்சல் விட்டமுள்ள வட்டம்.

அதற்குள் எட்டு முனை நட்சத்திரம். பாலிகன் டூலில் பக்கம் 8, ஸ்டார் ரேஷியோ 76 சதவீதம். முனைகள் வட்டத்தைத் தொட வேண்டும். ஒரு முனை நேர் மேலே பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் 22.5 டிகிரி திருப்புங்கள்.

அடுத்து சின்ன நட்சத்திரம். முனையிலிருந்து முனைக்கு 1220 பிக்சல், ஸ்டார் ரேஷியோ 74 சதவீதம். இதன் முனைகள் பெரிய நட்சத்திரத்தின் பள்ளங்களில் போய் உட்கார வேண்டும். அதாவது பெரியதற்கும் சின்னதற்கும் 22.5 டிகிரி வித்தியாசம் இருக்கும்.

கடைசியாக எண்கோணம். அதன் எட்டு மூலைகளும் சின்ன நட்சத்திரத்தின் பள்ளங்களைத் தொடும்வரை அளவைச் சரிசெய்யுங்கள். மூலைக்கு மூலை சுமார் 900 பிக்சல் வரும். வட்டத்தின் விட்டத்தில் இது 56 சதவீதம். நன்றாக வெட்டிய வைரங்களிலும் நடுப்பட்டை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். இதை ரொம்பப் பெரிதாக்கினால் கல் தட்டையாகத் தெரியும்.

இன்னும் எட்டுக் குட்டிக் கோடுகள் பாக்கி. பெரிய நட்சத்திரத்தின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் வட்டத்துக்கு நேராக ஒரு கோடு இழுங்கள். வட்டத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருந்த எட்டு இடங்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து பதினாறு ஆகும்.

எல்லாவற்றையும் ஒரே லேயராக இணைத்து, "கோடு" என்று பெயர் வைத்து லாக் செய்யுங்கள். வேலை முடியும்வரை இதை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு பட்டையையும் திரும்பத் தேர்வு செய்ய இது வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். இரண்டு நட்சத்திரங்களும் சந்திக்கும் இடத்தில் ஓரிரு பிக்சல் இடைவெளி இருந்தால், பக்கத்துப் பக்கத்து நாற்கோணங்கள் இரண்டும் ஒன்றாகச் செலக்ட் ஆகும். கோட்டை மறுபடி வரைய வேண்டாம். அந்தச் சந்திப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, அதே மெஜந்தாவில் பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைத்தால் அடைந்துவிடும்.

3. சாம்பல் நிரப்புதல்: படத்தின் உயிர் இங்கேதான்

கோட்டு லேயருக்குக் கீழே இரண்டு லேயர்கள் வேண்டும். அடியில் இருப்பதில் 1600 பிக்சல் வட்டம் ஒன்றை 50 சதவீதச் சாம்பலில் நிரப்புங்கள். பட்டைகளுக்கு நடுவில் எங்காவது இடைவெளி விழுந்தாலும் பின்னணி எட்டிப்பார்க்காமல் இது காக்கும். அதற்கு மேல் "பட்டை" என்ற லேயர்.

மேஜிக் வாண்டில் கண்டிக்யுவஸ், சாம்பிள் ஆல் லேயர்ஸ் இரண்டும் ஆன். டாலரன்ஸ் 15 போதும். ஒரு பட்டையைக் கிளிக் செய்து, செலக்ட் மெனுவில் மாடிஃபை, எக்ஸ்பாண்ட் போய் 2 பிக்சல் விரித்து, பட்டை லேயரில் நிரப்புங்கள். இந்த 2 பிக்சலை விட்டுவிட்டால், பிறகு கோட்டை மறைக்கும்போது பட்டைகளுக்கு நடுவே மயிரிழை போல வெளிர் கோடுகள் தெரியும். "கோட்டை ஆஃப் செய்ததும் படம் உடைந்துவிட்டது" என்று சொல்பவர்களின் ஃபைலைத் திறந்து பார்த்தால் அநேகமாகக் காரணம் இதுதான்.

எந்தப் பட்டைக்கு எந்தச் சாம்பல் என்பதற்கு வருவோம். ஐந்தே அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் 10, 30, 50, 72, 92 சதவீதம். அளவுகள் கூடக்கூடப் பக்கத்துப் பட்டைகளுக்குள் வித்தியாசம் குறையும், கல் மங்கும்.

வெளிச்சம் மேல் இடதுபுறம், கடிகாரத்தில் பத்தரை மணி இருக்கும் திசையிலிருந்து வருவதாக வைப்போம். எட்டு நாற்கோணப் பட்டைகளையும் கடிகார வரிசையில் இப்படி நிரப்பிப் பாருங்கள்: பத்தரைக்கு 92, பன்னிரண்டுக்கு 30, ஒன்றரைக்கு 50, மூன்றுக்கு 10, நாலரைக்கு 72, ஆறுக்கு 30, ஏழரைக்கு 50, ஒன்பதுக்கு 10.

ஒன்பது மணிப் பட்டையைக் கவனியுங்கள். அது வெளிச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் படுஇருட்டு. 10-க்கு அருகிலேயே 92 வருவதால்தான் பத்தரை மணிப் பட்டை பளிச்சென்று அடிக்கிறது. புதிதாக வரைபவர்களின் கை இங்கேதான் தயங்கும். வெளிச்சப் பக்கத்தில் 92, 72, 50 என்று படிப்படியாக இறக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கிடைப்பது சட்டைப் பித்தான்தான், ரத்தினம் இல்லை. உருண்டையான பரப்பில்தான் வெளிச்சம் படிப்படியாகக் குறையும். பட்டை தீட்டிய கல்லில் ஒவ்வொரு பட்டையும் ஒரு தனிக் கண்ணாடி. ஒன்று விளக்கைக் காட்டும்போது பக்கத்திலிருப்பது இருட்டு மூலையைக் காட்டலாம்.

நாலரை மணிப் பட்டைக்கு ஏன் 72? கல் ஒளி ஊடுருவும் பொருள். மேல் இடதில் நுழைந்த வெளிச்சம் உள்ளே போய் எதிர்ப்பக்கத்தைத் துலங்கச் செய்யும். எதிர்ப்பக்கம் முழுவதும் இருட்டாக இருந்தால் கல் வண்ணம் பூசிய மரம் போலக் கனமாக, ஒளிபுகாததாகத் தெரியும்.

முக்கோணப் பட்டைகளுக்கு ஒரே விதி: ஒட்டியிருக்கும் இரண்டு நாற்கோணங்களின் சாம்பலும் இதற்கு வரக்கூடாது. ஓரப் பட்டைகள் பதினாறையும் ஒன்று விட்டு ஒன்று இருட்டு, வெளிச்சம் என்று மாற்றிக்கொண்டே போய், இரண்டு இடங்களில் மட்டும் அந்த ஒழுங்கை வேண்டுமென்றே உடையுங்கள். முழு ஒழுங்கோடு விட்டால் காற்றாடி வடிவம் தெரியும். 92 சதவீதம் மொத்தக் கல்லிலும் நாலைந்து பட்டைகளுக்கு மேல் வேண்டாம்.

நடுப்பட்டைக்கு மட்டும் கிரேடியன்ட்: மேல் இடதில் 30, கீழ் வலதில் 72. இதுவும் எதிர்ப்பக்கம் துலங்கும் அதே காரணத்தால்தான்.

நிரப்பி முடித்ததும் கோட்டு லேயரை மறைத்து, திரையில் 10 சதவீத அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிறமும் இல்லாமல், மினுக்கும் இல்லாமல், வெறும் சாம்பலிலேயே கல் போலத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். எந்த இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன என்று பார்த்து, ஒன்றை மாற்றுங்கள். இந்தப் படியில் செலவாகும் நேரம் மற்ற எல்லாப் படிகளையும் விட அதிகமாக இருந்தால் வேலை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம்.

விளிம்பில் 2 பிக்சல் வெளியே வழிந்திருக்கும். பட்டை லேயரையும் அடி வட்டத்தையும் ஒரு குரூப்பில் போட்டு, 1600 பிக்சல் வட்டத்தால் மாஸ்க் செய்துவிடுங்கள்.

4. உள்ளே தெரியும் ஆழம்

நடுப்பட்டை ஒரு ஜன்னல். அதன் வழியே கல்லின் அடிப்பக்கப் பட்டைகள் தெரிய வேண்டும். வைரத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, 2.42. உள்ளே போகும் வெளிச்சத்தின் பெரும்பகுதியை அடிப்பட்டைகள் திருப்பி மேலே அனுப்பும். அதனால்தான் நடுவிலும் இருட்டும் வெளிச்சமுமாக உடைந்த துண்டுகள் தெரிகின்றன. நடுப்பட்டையை வெறும் கிரேடியன்டாக விட்டால் கல் அங்கே காலியாக இருக்கும்.

புதிதாக வரைய வேண்டியதில்லை. பட்டை லேயரை டூப்ளிகேட் செய்து, 55 சதவீதமாகச் சுருக்கி, இடம் வலமாகப் புரட்டி, சுமார் 20 டிகிரி திருப்பி நடுவில் வையுங்கள். புரட்டாமல் விட்டால் பெரிய கல்லுக்குள் அதே கல் குட்டியாக இருப்பது கண்ணில் பட்டுவிடும். பிறகு கோட்டு லேயரில் நடுப்பட்டையைத் தேர்வு செய்து, அந்தச் செலக்‌ஷனையே இந்த நகலுக்கு மாஸ்க்காகக் கொடுங்கள். ஓபாசிட்டி 60 சதவீதம். நூறு வைத்தால் மேலே ஒரு பரப்பு இருக்கிறது என்ற உணர்வு போய்விடும்.

இனி மற்ற பட்டைகளுக்குள் சின்ன ஏற்ற இறக்கம். ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து, ஒரு மூலையிலிருந்து கறுப்பு அல்லது வெள்ளை கிரேடியன்டை 20 சதவீத ஓபாசிட்டியில் இழுங்கள். பட்டை இப்போது ஒரே சாம்பலாக இருக்காது என்பதால், சாம்பிள் ஆல் லேயர்ஸை ஆஃப் செய்து, கோட்டு லேயரில் நின்றே தேர்வு செய்யுங்கள். எல்லாப் பட்டையிலும் ஒரே திசையில் இழுக்க வேண்டாம். அப்புறம், 20 சதவீதத்தைத் தாண்டவும் வேண்டாம். தாண்டினால் பட்டைகள் குழிந்தும் உப்பியும் தெரியும். பட்டை என்றால் தட்டைதான்.

5. இப்போது நிறம்

எல்லாவற்றுக்கும் மேலே கிரேடியன்ட் மேப் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போட்டு, கல் குரூப்புக்கு மட்டும் கிளிப் செய்யுங்கள். இருட்டுக்கு ஒரு நிறம், நடு வெளிச்சத்துக்கு ஒரு நிறம், உச்ச வெளிச்சத்துக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகக் கொடுக்க இது வழி செய்கிறது. சிவப்பை மல்டிப்ளையில் மேலே பூசினால் வெள்ளைப் பட்டைகளும் சிவந்துபோகும், மூன்றாம் படியில் உழைத்த வேறுபாடு பாதியாகும்.

மாணிக்கத்துக்கு நான் வைக்கும் ஆர்ஜிபி எண்கள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு: 0 சதவீதத்தில் (26, 0, 12), 35-ல் (120, 0, 28), 60-ல் (210, 18, 58), 85-ல் (255, 125, 140), 100-ல் (255, 236, 238). இருட்டு கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்கிறது, வெளிச்சம் இளஞ்சிவப்புக்குப் போய் வெள்ளையைத் தொடுகிறது. ஒரே சிவப்பைக் கறுப்பாக்கியும் வெளுக்க வைத்தும் எடுத்தால் கல் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

நீலக் கல்லுக்கு: (4, 8, 40), (12, 40, 130), (40, 95, 215), (140, 190, 255), (235, 245, 255). மரகதத்துக்கு இருட்டில் நீலம் கலந்த பச்சையும் வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையும் வையுங்கள்.

வைரத்துக்கு இந்த வழி ஒத்துவராது. சாம்பலை லேசாக நீலம் தட்டி அப்படியே விட்டு, ஓரப் பட்டைகளில் நாலைந்தில் மட்டும் ஆரஞ்சு, நீலம், ஊதா என்று சின்னச் சின்ன ஒளித்துண்டுகள் வையுங்கள். வைரம் வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரிப்பதை அதுவே காட்டிவிடும். பட்டை முழுக்க நிரப்பிவிட்டால் வானவில் தெரியும், வைரம் தெரியாது.

6. விளிம்புக் கோடுகள்

கோட்டு லேயரின் நகல் ஒன்றை எடுத்து வெள்ளையாக்கி, ஸ்கிரீன் மோடில் 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். இரண்டு பட்டைகள் சேரும் மெல்லிய விளிம்பு வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதால் இது தேவை. ஆனால் எல்லா விளிம்பும் பிடிக்காது. ஒரு மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் கீழ் வலதில் பெரும்பகுதியையும், மேலே அங்கங்கேயும் மறையுங்கள். மூன்றில் ஒரு பங்கு கோடுகள் மிஞ்சினால் போதும். முழுதாக விட்டால் வரைபடம் போலத் தெரியும்.

7. மேற்பரப்பின் பிரதிபலிப்பு

இது நான்காம் படியிலிருந்து வேறுபட்டது. அங்கே உள்ளே தெரிவதை வரைந்தோம். இது கல்லின் மேல் படியும் ஒளி.

புதிய லேயரில், நடுப்பட்டையின் மேல் இடது பாகத்தில் பாலிகோனல் லாசோவால் சாய்வான நாற்கோணம் ஒன்று வரைந்து, வெள்ளையிலிருந்து ஒன்றுமில்லாததற்குப் போகும் கிரேடியன்ட் கொடுங்கள். ஸ்கிரீன் மோட், 35 சதவீதம். உள்ளே தெரியும் பட்டைத் துண்டுகளை இது பொருட்படுத்தாமல் கடந்து போக வேண்டும், நடுப்பட்டையின் விளிம்பில் சட்டென்று நின்றுவிட வேண்டும். அடுத்த பட்டை வேறு கோணத்தில் இருப்பதால் பிரதிபலிப்பு அங்கே தொடராது.

பழைய இணையப் பட்டன்களில் மேல்பாதி முழுக்க ஒரு வளைந்த வெள்ளைப் பளபளப்பு இருக்குமே, அதைத்தான் பலரும் பழக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பட்டை இல்லாமல் உருட்டி மெருகேற்றிய கல்லுக்கு அது சரி. 33 பட்டைகளை அப்படி ஒரே வளைவால் மூடினால், இதுவரை கட்டிய தட்டையான முகங்கள் எல்லாம் அதற்கடியில் அமுங்கிவிடும்.

8. ஒளிக்கசிவும் மினுக்கும்

கல்லை மொத்தமாக மெர்ஜ் செய்த நகல் ஒன்றை எடுத்து, லெவல்ஸில் கறுப்பு ஸ்லைடரை வலதுபக்கம் தள்ளி, உச்ச வெளிச்சம் மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். அதை 25 பிக்சல் காஸியன் ப்ளர் செய்து, ஸ்கிரீனில் 30 சதவீதம் வையுங்கள். லெவல்ஸ் செய்யாமல் முழுப் படத்தையும் ப்ளர் செய்தால் இருட்டுப் பட்டைகளும் வெளுத்து, கல்லின் மேல் பனி படிந்த மாதிரி ஆகும்.

நட்சத்திர மினுக்கு இரண்டு போதும், ஒன்று பெரிது, ஒன்று அதில் பாதி. ஏற்கெனவே 92 சதவீதம் இருக்கும் பட்டையின் மூலையில்தான் வைக்க வேண்டும். இருட்டுப் பட்டையின் நடுவில் வைத்தால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வைத்த பிறகு ஒருமுறை மறைத்துப் பாருங்கள். மினுக்கு இல்லாதபோது கல் செத்துப்போனால், சரிசெய்ய வேண்டிய இடம் மூன்றாம் படி.

9. நிழல்

கல்லுக்குக் கீழே புதிய லேயரில், கீழ் வலதுபுறம் தள்ளி ஒரு மங்கலான நிழல். அதன் நடுவில் கல்லின் நிறத்திலேயே ஒரு சின்ன ஒளித்திட்டு வைத்து, அதையும் ப்ளர் செய்யுங்கள். ஒளி கல்லை ஊடுருவி வந்து தரையில் விழுகிறது என்பதை இந்தத் திட்டு காட்டும். வெறும் கறுப்பு நிழல் போட்டால் கல் கூழாங்கல்லாகிவிடும்.

10. சேமிப்பது

லேயர்களோடு ஒரு பிஎஸ்டி பிரதி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கிரேடியன்ட் மேப்பை மாற்றினால் அதே ஃபைலில் நீலமும் மரகதமும் கிடைக்கும். பயன்படுத்தும் பிரதிக்குப் பின்னணியை மறைத்து பிஎன்ஜி. ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி வராது.

சிறிய ஐகானாகச் சுருக்கும்போது ஆறாம் படியின் விளிம்புக் கோடுகளை ஆஃப் செய்துவிட்டுச் சுருக்குங்கள். 64 பிக்சலில் அந்தக் கோடுகள் பட்டைகளை மங்கலாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஓரப் பட்டைகள் பதினாறும் அந்த அளவில் நொறுங்கித் தெரிந்தால், இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டாக்கி ஒரு தனிப் பிரதி வைத்துக்கொள்வது நல்லது.